உப்பைக் குறைத்ததும் சாம்பார் ஏன் சப்பென்று ஆகிறது?

ஐந்து பேர் இருக்கும் வீடு. மாமனாருக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். நீங்கள் வேலை முடிந்து வீடு சேர ஏழு மணி, எட்டு மணிக்குத் தட்டு வைத்தாக வேண்டும். குறைத்துச் சமைத்தால் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள், பெரியவர் ஊறுகாய் பாட்டிலைத் தேடுகிறார். இந்துப்புக்கு மாறலாமா, செக்கு எண்ணெய் வாங்கலாமா, கடை மசாலாவை விடலாமா என்று மூன்று கேள்விகளும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றுக்கும் பின்னால் வருகிறேன். நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று என்று நினைக்கிறேன்: ஒரே அடுப்பில், ஒரே சமையலில், நோயாளிக்கும் மற்றவர்க்கும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்குள், வாய்க்கு ருசியாக எப்படிச் செய்வது?

ஊட்டச்சத்தியல் படித்துவிட்டு மருத்துவமனை உணவுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். உப்பு குறைத்த தட்டு தொடாமலே திரும்பி வருவதைத் தினமும் பார்க்கும் வேலை அது. அங்கே தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். மாத்திரை, அதன் அளவு, சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்பதெல்லாம் உங்கள் டாக்டர் பார்க்க வேண்டியவை, அதில் நான் தலையிட மாட்டேன்.

முதலில் கணக்கு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வதும் ஏறக்குறைய அதேதான். தூள் உப்பில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டிதான் அது. ஐந்து பேருக்கு 25 கிராம். இப்போது ஒரு சாதாரணச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாருக்கு இரண்டு தேக்கரண்டி, ரசத்துக்கு ஒன்றரை, பொரியலுக்கு முக்கால். இதிலேயே 21 கிராமுக்கு மேல் போய்விட்டது. காலை இட்லி, சட்னி, மாலை மிக்சர், அப்பளம், மோர், ஊறுகாய் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. உங்கள் வீட்டு நிலவரம் தெரிய வேண்டுமானால் ஒரு கிலோ உப்பு பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஐந்து பேருக்கு அது 40 நாளாவது வர வேண்டும். வெளிச் சாப்பாடும் ஊறுகாயும் உண்டு என்றால் இன்னும் கூடுதலாகவே வர வேண்டும். எண்ணெய்க்கும் இப்படி ஒரு அளவு உண்டு. 2000 கலோரி உணவுத் திட்டத்தில் அதே ஐதராபாத் நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு வைத்திருக்கிறது. நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து உங்கள் வீட்டுக்கு மாதம் நாலரை லிட்டருக்கு மேல் போகிறது என்றால் குறைக்க இடமிருக்கிறது.

அளக்கும்போது தூள் உப்பால் அளந்து பழகுங்கள். கல்லுப்பு கரண்டிக்குக் கரண்டி எடை மாறும். கைக்கணக்கில் போடுகிறவர்கள் கல்லுப்பிலிருந்து தூளுக்கு மாறினால் தெரியாமலே கூடிவிடும்.

இந்தக் கணக்கிலிருந்து உடனே ஒரு வழி தெரியும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்தால் எல்லாமே சப்பென்று ஆகும், யாருக்கும் திருப்தி இருக்காது. அதைவிட ராத்திரிக்கு ஒரே ஒரு நீர்த்த பண்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வைத்தால் ரசம் வேண்டாம், ரசம் வைத்தால் பருப்புத் துவையலோ கூட்டோ போதும். நீர்த்த பண்டம்தான் அதிகம் உப்பு வாங்கும், அளவு அதிகம் என்பதால். சாதத்தில் உப்பு வேண்டாம், தயிரில் வேண்டாம், கூட்டில் பாதி போதும். மீதியுள்ள ஒரே ஒரு பண்டத்தில் நாக்குக்குத் தெரிகிற மாதிரி உப்பு இருக்கட்டும். வாய் அந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வேலையும் ஒரு பாத்திரம் குறையும்.

அடுத்தது, எப்போது போடுகிறோம் என்பது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் மையமே இதுதான். பீன்ஸ் வேகும்போதே உப்பைப் போட்டால் அது காயின் உள்ளே முழுக்கப் பரவிவிடும். வெந்து, தண்ணீர் வற்றி, இறக்குவதற்கு முன் தூவினால் மேற்பரப்பிலேயே நிற்கும், நாக்கில் முதலில் படுவதும் அதுதான். அரைக் கிலோ பீன்ஸுக்கு அரைத் தேக்கரண்டி தாராளமாக எடுபடும். வெண்டைக்காய்க்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. முதலிலேயே உப்புப் போட்டால் அது நீர்விட்டுக் கொழகொழக்கும், அந்தக் கொழகொழப்பை வற்ற வைக்கத்தான் நாம் எண்ணெயை ஊற்றிக்கொண்டே போகிறோம். அகலமான வாணலியில் மூடாமல் வதக்கி உப்பைக் கடைசியில் போட்டால், எண்ணெய் பாதியாகும்.

எண்ணெயும் அப்படியே. மசாலாப் பொருட்களின் வாசனையில் பெரும்பகுதி கொழுப்பில் கரைவது. தாளிக்கும்போது எண்ணெய் அந்த வாசனையை வாங்கிக்கொள்கிறது. முதலிலேயே தாளித்து, அதன் மேல் காயைப் போட்டு இருபது நிமிடம் கொதிக்க விட்டால் வாசனையில் பாதி ஆவியோடு கூரைக்குப் போய்விடும். தெருவுக்கே மணக்கும், தட்டில் மணக்காது. கடைசியில் தாளித்துக் கொட்டி, உடனே மூடி, இரண்டு நிமிடம் விட்டால் குறைந்த எண்ணெயே போதும்.

இதற்குச் சின்ன இரும்புத் தாளிப்புக் கரண்டி ஒன்று அவசியம். காரணம் சாதாரணமானது. ஒரு தேக்கரண்டி எண்ணெயை வாணலியில் விட்டால் அது படலமாகப் பரவி, கடுகு பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் கருகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கை தானாக இன்னும் இரண்டு கரண்டி ஊற்றும். குழிந்த கரண்டியில் அதே ஒரு தேக்கரண்டி ஒரு குட்டிக் குளமாக நிற்கும். நடுத்தரத் தீயில் வையுங்கள். ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள், சுற்றிலும் குமிழி கட்டி உடனே வெடித்தால் சரியான சூடு. அரைத் தேக்கரண்டி கடுகைப் போட்டு, சடசடப்பு ஓயத் தொடங்கும்போது உளுத்தம்பருப்பு. அது வெள்ளையிலிருந்து வைக்கோல் நிறம் வரும்போது கிள்ளிய வரமிளகாய். அடுப்பை இப்போதே அணைத்துவிடுங்கள். கரண்டியின் சூடே பருப்பைப் பொன்னிறமாக்கிவிடும். பொன்னிறமாகும் வரை அடுப்பில் வைத்திருந்தால் கொட்டும்போது கருத்திருக்கும். அணைத்த பிறகு பெருங்காயத்தூள், கடைசியாகத் துடைத்து உலர்ந்த கறிவேப்பிலை. ஈரமான இலை தெறிக்கும், கையைச் சுடும். ஐந்து பேர் சாம்பாருக்கு இவ்வளவுதான் எண்ணெய், சுமார் 40 கலோரி. வெங்காயம், தக்காளி வதக்கத்தான் அதிகம் போகிறது என்பீர்கள். சாம்பாரில் சின்ன வெங்காயத்தை வதக்கவே வேண்டியதில்லை, காயோடு சேர்த்து வேக வையுங்கள். குருமா மாதிரி வதக்கியே ஆக வேண்டியவற்றுக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, அடிப்பிடிக்கும்போது எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடுங்கள். நிறம் கொஞ்சம் மட்டாகத்தான் வரும், மறைப்பானேன். கத்தரிக்காய் இதற்கெல்லாம் மசியாது, பஞ்சு போல எண்ணெயைக் குடிக்கும். அதைத் தணலில் சுட்டுக் கொத்சு செய்துவிடுவது உத்தமம்.

ஆனால் எண்ணெயே இல்லாத சமையல் என்று ஒன்று இப்போது பிரபலமாகி வருகிறதே, அதை நான் சொல்ல மாட்டேன். கீரை, கேரட், பரங்கிக்காயில் இருக்கும் கரோட்டின் உடலில் சேர கொஞ்சம் கொழுப்பு வேண்டும். கீரை மசியலில் விடும் அந்த ஒரு கரண்டித் தாளிப்புக்கு வேலை இருக்கிறது. பொரியலுக்குத் தேங்காய்த் துருவல் போட்டால் அதுவும் கொழுப்புக் கணக்கில்தான் வரும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

புளிப்பு பற்றிச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். புளிப்பு சேர்த்தால் உப்பு குறைவது தெரியாது என்பது சரி. பருப்பு, சுண்டல், கீரை, கூட்டு இவற்றை இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் பாதி உப்பே நிறைவாகத் தெரியும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேரவும் அது உதவும். பச்சை மாங்காய், தக்காளி, நெல்லிக்காயும் அப்படித்தான். ஆனால் புளிக்குழம்பு கதை வேறு. புளி ஏற ஏற அதைச் சமன் செய்ய உப்பும் காரமும் எண்ணெயும் கேட்கும், சமைக்கிற யாருக்கும் இது தெரியும். வத்தக்குழம்பில் இன்னும் ஒரு படி மேலே, உப்பு மோரில் ஊறிக் காய்ந்த சுண்டைவற்றலே தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவரும். அதை வாரம் ஒரு நாளாக்குங்கள், வற்றலை ஒரு முறை வெந்நீரில் அலசிவிட்டுப் போடுங்கள், மற்ற நாள் புளியைப் பாதியாக்கித் தக்காளியால் ஈடு கட்டுங்கள்.

பருப்பு வேகும் முன்னே புளியையோ தக்காளியையோ போட வேண்டாம். அமிலம் பட்டால் பருப்பு மலராது. போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தாலும் அதே பிரச்சினைதான். வேகவில்லை என்று சமையல் சோடா போடுவார்கள். அதில் சோடியமும் ஏறும், பருப்பிலுள்ள தயமின் என்ற பி1 சத்தும் வீணாகும். குடிக்கிற நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்துக் குக்கரில் வைத்தாலே போதும்.

இனி, நேரம். வேலை நாளில் மசாலா வறுத்து அரைக்கிற நேரம் யாருக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கினால் வாரம் முழுக்க ஓடும். நான் எல்லோருக்கும் சொல்லும் பொடி ஒன்று: கொத்தமல்லி விதை நாலு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு இரண்டு, உளுத்தம்பருப்பு ஒன்று, வரமிளகாய் ஆறு, மிளகு ஒரு தேக்கரண்டி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். எண்ணெய் விடாமல் சிறுதீயில் தனித்தனியாக வறுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பருப்பு சிவப்பதற்குள் மல்லி கருகிவிடும். நன்றாக ஆறிய பின் கொரகொரப்பாக அரைத்து, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். உப்பு சேர்க்கவே வேண்டாம். அப்போதுதான் உப்பு உங்கள் கையில் இருக்கும். வெந்த எந்தக் காயின் மேலும் இறக்குவதற்கு முன் ஒன்றரைத் தேக்கரண்டி தூவினால் பொரியலாயிற்று. வறுத்த பருப்பின் வாசனை உப்புக் குறைவை நன்றாக மறைக்கும். ஒரு மாதத்துக்குச் சேர்த்து அரைக்காதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் மணம் இறங்கத் தொடங்கிவிடும்.

புளியையும் வாரத்துக்கு ஒரு முறை கெட்டியாகக் கரைத்து, வடிகட்டி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். கீரையை ஆய்ந்து, கழுவாமல், பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், அச்சு மை உணவில் படக்கூடாது. ராத்திரிச் சமையலுக்குத் துவரையைவிடப் பாசிப்பருப்பு உங்களுக்குத் தோது. ஊற வைக்காமலே திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரத்துக்குள் மசிந்துவிடும்.

ஆக ஏழு மணிக்கு வந்தால் இப்படி வைத்துக்கொள்ளலாம். குக்கரில் சாதம். பக்கத்து அடுப்பில் பாசிப்பருப்பு, மஞ்சள், ஒரு தக்காளி, கீறிய பச்சை மிளகாய். (பாசிப்பருப்பு மெல்லியது, ஒரு தக்காளிக்குப் பயப்படாது. அவசரத்துக்கு அந்த விதியை இங்கே மீறலாம்.) காயை நறுக்கி, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வேக வைக்க எட்டு நிமிடம். அதற்குள் பருப்பு மசிந்திருக்கும். காய்க்கு உப்பு, பொடி, ஒரு மேசைக்கரண்டி தேங்காய். பருப்பில் உப்பு, மிளகு சீரகம் தட்டிப் போட்டு இறக்குங்கள். ஒரே கரண்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து, பாதியைப் பருப்பிலும் பாதியைக் காயிலும் கொட்டுங்கள். பருப்பில் எலுமிச்சை. தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய் தயிர்ப் பச்சடி. ஏழே முக்காலுக்குள் அடுப்பு அணைந்துவிடும்.

இப்போது உங்கள் மூன்று கேள்விகள். இந்துப்பு: அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். சோடியத்தைக் குறைக்க அது உதவாது. நிறமும் விலையும் வேறு, அவ்வளவுதான். கூடவே அயோடின் போய்விடும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அயோடின் கலந்த உப்பை நிறுத்துவது நல்ல யோசனை இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பது வேறு சமாச்சாரம். அதில் சோடியத்தின் ஒரு பங்குக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு அது உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது, 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே பெரியவர்களுக்கு அதைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்தப் பரிந்துரையிலிருந்து விலக்கியிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே உடலில் பொட்டாசியத்தை ஏற்றும். எனவே மாமனாரின் மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டை வீட்டுக்குள் விட வேண்டாம்.

செக்கு எண்ணெய்: வாசனைக்காக வாங்குங்கள், தாளிப்பில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயே சமையலைத் தூக்கி நிறுத்தும். அளவு குறைவாகப் போட அது ஒரு நல்ல காரணம். இதயத்துக்கு நல்லது என்று அதற்குச் சொல்லப்படும் பெருமைகளுக்கு உறுதியான சான்று குறைவு. எந்தச் செக்கில் ஆட்டினாலும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான். தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு மிக அதிகம், செக்கில் ஆட்டியதால் அது மாறாது. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதை நிறுத்துவது எந்த எண்ணெய் என்பதைவிட முக்கியம்.

கடை மசாலா: சாம்பார்ப் பொடி, மல்லித்தூள் போன்றவை மோசமில்லை. சில்லி சிக்கன், மீன் வறுவல், பிரியாணி என்று ஒரு பண்டத்துக்கென்றே வரும் மசாலாக்களில்தான் உப்பு ஒளிந்திருக்கும். பின்பக்கத்தில் சேர்மானங்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சாகும். உப்பு முதல் மூன்று இடத்தில் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். சோடியம் என்று போட்டிருக்கும் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். சூப் கட்டி, நூடுல்ஸ் மசாலாவுக்கும் இதே கணக்குதான். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். சுட்டுத் தின்றால் எண்ணெய் மிச்சமாகுமே தவிர சோடியம் குறையாது.

மஞ்சள், பூண்டு பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மிளகு சேர்ந்தால் மஞ்சளில் உள்ள குர்குமின் உடலில் பல மடங்கு சேரும் என்பதை 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் அங்கே கொடுத்தது 2 கிராம் குர்குமின். நம் மஞ்சள்தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் இருக்கும், நாம் போடுவதோ ஒரு சிட்டிகை. பூண்டுக்கு ரத்த அழுத்தம் சற்று இறங்கும் என்பதும் பெரும்பாலும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள்தான். இரண்டையும் ருசிக்காகப் போடுங்கள், மருந்து என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதபடி பெரியவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது வேறு: உப்பு குறைந்தால் ரத்த அழுத்தம் இறங்கும், காயும் பழமும் கூடினாலும் இறங்கும். இரண்டாவதை வீடுகளில் யாரும் கண்டுகொள்வதில்லை. சாதத்தைக் குறைத்துப் பொரியலை இரட்டிப்பாக்குவது உப்பைக் கிள்ளிக் கிள்ளிக் குறைப்பதற்குச் சமமான வேலை.

ஒரேயடியாகப் பாதியாக்க வேண்டாம். இப்போது போடுவதில் கால் பங்கைக் குறைத்து இரண்டு மூன்று வாரம் விடுங்கள், அப்புறம் இன்னொரு கால் பங்கு. நாக்கு பழகும், ஆனால் ஒன்றிரண்டு மாதம் கேட்கும். பழகிய பின் கல்யாண வீட்டுச் சாப்பாடு உப்புக் கரிக்கிறது என்று மாமனாரே சொல்வார். அதுவரை மேசையில் உப்புக் கிண்ணமும் ஊறுகாய் பாட்டிலும் இருக்கக் கூடாது. ஊறுகாய் கேட்டால் பாட்டிலோடு கொடுக்காமல் தட்டில் அரைத் தேக்கரண்டி வைத்துக் கொடுங்கள்.

சின்னவனுக்குக் காரம் ஆகாது என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் தாளிக்கும் முறையில் அதற்குத் தனிச் சமையல் தேவையில்லை. பச்சை மிளகாயை நறுக்காமல் கீறி மட்டும் போட்டு, வெந்ததும் எடுத்துவிடுங்கள். தாளிப்பும் பொடியும் சேர்க்கும் முன் பருப்பிலும் காயிலும் அவன் பங்கை எடுத்து வைத்து, அரைத் தேக்கரண்டி நெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள். அவனுக்கு உப்பு நம்மைவிடக் குறைவாகவே போதும். கேட்காதவரை கூட்டாதீர்கள்.